கிளியின் கழுத்து

ஃபலீல் ஹாஜியார் வாடகைக்கு விடும் பன்னீர்ச்செம்பு.
வெள்ளவத்தையில் தாலிகட்டு, மருதானையில் நிக்காஹ்,
கொட்டாஞ்சேனையில் மோதிரம் மாற்றல்,
எல்லா வாசலிலும் நின்றிருக்கிறது.
போன கிழமை எங்கேயோ விழுந்து
மூடிக் கிளியின் கழுத்து ஆரத்தில்
அரை அரிசி அகலம்
சிவப்பு இல்லை.

"வெள்ளிக்கு முந்தி வேணும் பிள்ளை."

செட்டியார் தெரு, இரண்டாம் மாடி.
கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு மூச்சடக்கி நிற்கும்.
மேலே நான் கண்ணாடி அரைப்பேன்,
கலங்கல் தெளியும்வரை
ஏழு தண்ணீர் மாற்றி.

முதலில் கற்களைக் கழற்ற வேண்டும், சூடு தாங்கா.
மெழுகில் வரிசையாகக் குத்தி வைத்தேன்:
கண்ணுக்கு இரண்டு, சிறகுக்கு எட்டும் எட்டும்.
அலகுக்குக் கீழே ஒன்று மட்டும்
ஜோடி இல்லாமல்.
ஏன் என்று அப்போது கேட்கவில்லை.

வெள்ளை முன்னால் வேகும்,
பிறகு நீலம், பச்சை.
சிவப்புக்குக் கடைசி முறை.
உள்ளே கொஞ்சம் பொன் கரைந்திருப்பதால்
அதற்குக் கொஞ்சம் திமிர்.
குறைந்தால் சீனிபோல் சொரசொரக்கும்,
கூடினால் கறுக்கும்.

எங்கள் தெருவுக்கு ஆறு மணி என்று போட்டிருந்தார்கள்.
கரண்ட் போனது
நாலு முப்பத்தைந்துக்கு.
போறணை மூடியிருக்க,
இருட்டில் நான் இடுக்கியைத் தேடிய நேரம்
அதற்குப் போதுமாயிருந்தது.

வெளியே எடுத்தேன். ஈரல் நிறம்.

போன் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பக்கத்தில், அந்த ஒற்றைக் கல் இருந்த குழி.
அடியில், ஊசிமுனையளவு,
அதே ஈரல்.

எந்த ஊரோ, எந்த உலையோ.
கரி ஈரமாயிருந்ததா,
ஊதுகிறவன் தூங்கிவிட்டானா,
ஆளுக்குக் காய்ச்சலா.
பெயர் வெட்டாத கை அது.
எனக்குத் தெரிந்தது
அதன் ஒரு பிழை மட்டும்.

சிரித்தேன். கீழேயிருந்து சுகிர்தன்
"அக்கா, மெழுகுதிரி வேணுமா?" என்றான்.

மறுநாள் ஜௌஸியிடம் ஒரு கெம்புத் துண்டு,
இரத்தினபுரிக் கழிவு, மலிவு.
கறுத்ததைச் சுரண்டிக் குழியாக்கினேன்,
முழுக்கச் சுரண்டவில்லை.
கல்லை இருத்தி, தங்கத் தகட்டை
ஓரம் ஓரமாய் அழுத்தினேன்.

ஹாஜியார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
"இதில கல் இருந்ததா முந்தி?"
"இருந்தது" என்றேன்.
பக்கத்துக் குழியைப் பொறுத்தவரை
பொய் இல்லை.
பில்லில் கல்லுக்குக் காசு போடவில்லை.
அதுதான் அவருக்குச் சந்தேகம்.

மழை. ஓட்டோவின் படங்கை இறக்கிவிட்டு
மடியில் வைத்துக்கொண்டு போனார்.

யாராவது ஒருநாள் அதைக் கழற்றுவார்கள்.
அன்றைக்கு அவர்களுக்கும்
கரண்ட் போகட்டும்.