மூன்றாம் பக்கம்

கல்லடி மைதானத்தில் காற்று
பக்கத்தைப் புரட்டப் பார்க்கிறது.
முழங்கையால் அமர்த்திக்கொண்டு எழுதுகிறேன்.
ஒவ்வொருத்திக்கும் ஒரு கட்டம்,
கட்டத்துள் ஒரு வைரம்,
வைரத்துக்கு நாலு பக்கம்.
எந்தப் பக்கத்தையும் சும்மா கீறக் கூடாது.
வந்தாள் என்றால் போதாது,
எதனால் வந்தாள், அதுதான் கணக்கு.

கஜரூபி முதல் தளத்துக்கு நடந்தே போனாள்.
சந்துனி எறிந்த நாலு பந்தும் விலகிப் போயின.
அது சந்துனியின் பெயரில்.

இரண்டாம் தளத்துக்கு அவளை அனுப்பியது டிலுக்ஷி.
மட்டையை நீட்டிப் பந்தை மணலில் சாகவிட்டு
தானும் ஆட்டமிழந்தாள்.
கஜரூபியின் கோட்டருகே டிலுக்ஷியின் இலக்கம், ஏழு.
போனவள் கணக்கில் இது தோல்வியாய் ஏறாது.
அந்தளவுக்கு விதிக்கும் மரியாதை தெரியும்.

மூன்றாம் தளம்தான் சிக்கல்.
கடைசி இனிங்ஸ், இரண்டு பேர் போயாயிற்று,
அம்பாறை இரண்டு ஓட்டம் முன்னே.
இவள் ஒருத்தி வந்தாலென்ன, வராவிட்டாலென்ன.
கஜரூபி புறப்பட்டாள்.
பிடிப்பவள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.
எறியவில்லை.
மூன்றாம் தளக்காரி தொப்பியைச் சரிசெய்தாள்.
யாரும் காக்காத தளத்துக்குள்
கஜரூபி சறுக்கினாள், முழங்கால் தோல் போக.

அடுத்த பந்து வானத்துக்குப் போய்
ஒரு கையுறைக்குள் இறங்கியது. ஆட்டம் முடிந்தது.

இரத்தம் துடைத்த கையோடு வந்து நின்றாள்.
"அக்கா, களவு எண்டு போட்டீங்களா?"
"இல்லை."
"நான் ஓடினதானே."
"ஓடினாய். மறிக்க ஒருத்தரும் நினைக்கல்ல.
அப்படியெண்டா களவில்ல."
"அவங்க பார்க்காட்டி அது எண்ட பிழையா கா?"
தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன்.
வேறென்ன செய்ய.

வார நாட்களில் நான் கச்சேரியில், காணிக் கிளையில்.
அங்கேயும் ஒரு நிரல் உண்டு: உடைமை வந்த விதம்.
கொள்வனவு. நன்கொடை. சீதனம். மற்றவை.
வாகரைப் பக்கத்து ஆள் ஒருவர் மற்றவையில் எழுதியிருந்தார்:
"இருந்தோம். எழுப்ப ஒருவரும் வரவில்லை."
விபரம் போதாது என்று
திருப்பி அனுப்பியது என் கையெழுத்துத்தான்.

பஸ் பாலத்தில் ஏறுகிறது. புத்தகம் மடியில்.
தீர்ப்பை மாற்ற நாளை வரை நேரமிருக்கிறது,
அதற்கும் விதியுண்டு.
வைரத்தில் மூன்று பக்கம் கறுப்பு, நாலாவது வெள்ளை.
அவளிடம் இல்லை என்று சொல்லிவிட்டேனே தவிர
மூன்றாவதன் அருகே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.
ஒரு புள்ளி இருக்கிறது,
பஸ் குலுங்கியபோது பட்டது.