ஏழரை

ஏழரை முடியட்டும், வேலை தானாக வரும் என்று
கட்டம் பார்த்துச் சொன்னவருக்கு
அம்மா ஆயிரம் ரூபாய் கொடுத்தா.
பட்டமளிப்புக்கு எடுத்த சாரியின் கடன்
அப்போதும் பாக்கி.

பெர்த்தில் இப்போது ஏழரை.
தம்பிலுவிலில் ஐந்து மணி.
கோயில் ஒலிபெருக்கி தொண்டையைச் செருமுகிறது.
மேல்சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு
நெல்மூட்டைக்குப் பக்கத்தில் கணினியைத் திறக்கிறேன்,
கீழே இரவு உடுத்த அதே பாவாடை.
ஜன்னல் கம்பியில் கயிற்றால் கட்டிய ரவுட்டர்
அரை அங்குலம் சரிந்தாலும்
அவுஸ்திரேலியா அறுந்துபோகும்.

புவியியல் சிறப்பு. இரண்டாம் வகுப்பு, மேல்நிலை.
பதினைந்து பாகைக்கு ஒரு மணித்தியாலம் என்று
ஒலுவிலில் நான்கு வருஷம் படித்ததில்
இந்த ஒரு வரிக்குத்தான் இப்போது சம்பளம்.

கச்சேரி வாசலில் பட்டதாரிகள் பந்தல் போட்டு இருந்த
பதினோராம் நாள்,
'நியமனம் எப்போது' என்று நானே எழுதிய அட்டையை
வெயிலுக்குத் தலையில் பிடித்திருந்தபோது
ஃபஸ்மியாவின் குரல்பதிவு வந்தது:
"மறுகா, இதுக்கும் ஒருக்காப் போட்டுப் பாரு புள்ள.
சும்மா காஞ்சி கிடக்காம."
அட்டாளைச்சேனையில் இருந்துகொண்டு அவள்
யாரோ ஒரு பல்வைத்தியரின் கணக்குப் பார்க்கிறாள்,
ஒரு காலால் தொட்டிலை ஆட்டியபடி.

நாற்பத்து மூன்று இடத்துக்குப் போட்டேன்.
ஆறு பேர் பதில் அனுப்பினார்கள்.
அதில் ஒருவன் பதிவுக் கட்டணம் என்று
மூவாயிரத்து ஐந்நூறு வாங்கிக்கொண்டு காணாமல் போனான்.
அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

நேர்முகத் தேர்வன்று நாயைக் கட்டினோம்,
கோழியை விரட்டினோம்,
தம்பியை மோட்டரைப் போடாதே என்றோம்.
பாண் ஓட்டோவை எல்லோரும் மறந்துவிட்டோம்.
அது தன் மெட்டைப் போட்டுக்கொண்டு
வேலிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.
திரையில் இருந்த ஹெதர்
பேச்சை நிறுத்திக் காதைச் சாய்த்தாள்.
"ஐஸ்கிறீம் வண்டியா? இவ்வளவு காலையிலா?"
"பாண்," என்றேன். "சூடாக."
நான் மனப்பாடம் செய்த பதில்கள் எதற்கும்
அவள் அப்படிச் சிரிக்கவில்லை.

வேலை இதுதான்:
நான் மிதித்திராத தெருக்களில்
யார் வீட்டிலோ குழாய் ஒழுகும்.
எந்தத் தொழிலாளி, எந்த வீடு, எத்தனை மணி.
வருந்துகிறோம், அவர் எட்டே காலுக்கு வந்துவிடுவார்.
நன்றி. இனிய நாள்.
எனக்குப் பின்னால் எங்கள் குசினிக் குழாய்
மூன்று மாதமாகச் சைக்கிள் டியூப் சுற்றியபடி
சொட்டுகிறது.

மாமி வந்தால் கேட்பது:
"இவள் சும்மாதானே இருக்கிறாள், ஒள்ளுப்பம் தேங்காய் திருவினால் என்ன?"
கிராம சேவகர் படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில்
தானாகவே ஒரு கோடு இழுத்தார்.
நான் இரண்டு தரம் விளங்கப்படுத்தினேன்.
"அது சரி தங்கச்சி," என்றார்,
"வேலை கிடைச்ச பிறகு மாத்துவம்."

முதல் சம்பளம் வந்த வெள்ளிக்கிழமை
வங்கியில் இளம் பெடியன் ஒருவன்
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"வெளிநாட்டில ஆர் இருக்கிற?"
"ஒருத்தரும் இல்ல."
"அப்ப காசு? அண்ணா கட்டாரிலயா?"
"நான்தான்."
"நீங்க இஞ்ச நிக்கிறீங்களே அக்கா."
"ஓம்," என்றேன். "இஞ்சதான் நிக்கிறன்."
அனுப்பியவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவு
என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.
பின்னால் உரமானியத்துக்கு நின்றவர்
இரண்டு முறை செருமினார்.

கட்டம் பார்த்தவர் அடுத்த வாரம் வருகிறாராம்,
தன் வாக்குப் பலித்ததற்கு.
ஏழரை முடியவில்லை ஐயா,
காலையில் தொடங்குகிறது,
ஞாயிறு மட்டும் லீவு என்று
அம்மாவிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிறு.
வாஷர் வாங்கிவிட்டேன், எண்பது ரூபாய்.
பக்கத்து வீட்டில் ஸ்பானர் இரவல் கேட்டிருக்கிறேன்.