வீசைக்குக் கீழே

பவுனு பிறந்த மூன்றாம் நாள்
ஆலை முதலாளி ஒரு மூட்டை அனுப்பினார்.
மூன்று தடவை தீட்டியது,
கப்பலுக்குப் போகிற ரகம்.
அள்ளினால் விரலிடுக்கில் வழுக்கி ஓடும்,
பார்த்தால் உப்பளம் போல் கண் கூசும்.
புழுங்கலை ஓரமாக ஒதுக்கிவைத்தோம்.

பிள்ளை பெற்றவளுக்கு
வெள்ளைச் சோறு, வறுத்த உப்பு, இரண்டு மிளகு.
பயறு வாயு. கீரை குளிர்ச்சி. மீன் கரப்பான்.
பர்மாக்காரியும் தமிழச்சியும்
எங்கள் தெருவில் பத்தியத்தில் மட்டும் ஒரே சாதி.

எனக்கு வேலை எடைமேடையில்.
சல்வீன் படகுத்துறைக்குப் போகும் அரிசிக்கு ஒரு பேரேடு,
பன்றிப் பண்ணைக்குப் போகும் தவிட்டுக்கு
அட்டை கிழிந்த இன்னொன்று.
அந்தியில் வாசலில் நின்று
சட்டையைக் கழற்றி நாலு உதறு உதறுவேன்.
செம்பாயி உள்ளேயிருந்து தும்முவாள்.
பழுப்புத் தூசி சாக்கடையில் மிதந்து போகும்.

பத்தாவது வாரம்
பிள்ளைக்குக் குரல் போயிற்று.
வாய் திறக்கிறது, முகம் சிவக்கிறது,
உள்நாக்கு துடிப்பது தெரிகிறது,
சத்தம் மட்டும் இல்லை.
"சமத்து, அழுவதே இல்லை" என்றாள்
பக்கத்து வீட்டு டோ எயீ.
பிறகு பாலை மறுத்தாள்.
உதட்டில் நீலம் ஏறியது.

மோல்மீன் ஆஸ்பத்திரியில்
டாக்டர் சான் யீ கேட்டது ஒன்றுதான்:
"அம்மா என்ன சாப்பிடுகிறாள்?"
பதில் முடியுமுன்னே தொடையில் ஊசி.

அப்புறம் சொன்னார்:
சோறு விறகு. பற்றவைக்கப் பொறி வேண்டும்.
தயமின் என்று அதற்குப் பெயர்.
அது இல்லையென்றால்
எவ்வளவு அடுக்கினாலும் அடுப்பு எரியாது;
மழையில் நனைந்த மூட்டையாய்
இதயம் வீங்கிக் கிடக்கும்.

"எங்கே இருக்கும்?"

"உமி நீங்கியபின் அரிசியை ஒட்டியிருக்குமே,
அந்த மெல்லிய தோலில்.
புழுக்கினால் உள்ளே இறங்கிக்கொள்ளும்.
தீட்டினால் தவிட்டோடு போய்விடும்."

"எவ்வளவு வேண்டும்?"

"பால் கொடுப்பவளுக்கு
நாளைக்கு ஒன்றரை மில்லிகிராம்."

என் தராசு வீசைக்குக் கீழே பார்க்காது.
ஒரு வீசைக்கு எத்தனை மில்லிகிராம் என்று
அவரிடமே கேட்டேன்.
பதினாறு லட்சத்துக்கு மேல், என்றார்.
அடுத்த கேள்வி நாக்குவரை வந்தது.
அது என் சட்டையைப் பற்றியது.
விழுங்கிவிட்டேன்.

மூன்று மணி நேரம்.
கிழிந்த நாற்காலி, ஒரு பல்லி,
செம்பாயியின் மார்பில் கட்டிக்கொண்ட பால்.
முதலில் எண்ணெய் காணாத கதவுக் கீல் போல
ஒரு கிரீச்.
நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.
பிறகு வார்டு முழுக்கத் திரும்பியது.

இப்போது வீட்டில் புழுங்கல் வேகிறது,
பத்தியம் பார்க்காமல் பாசிப்பயறும்.
வெள்ளை மூட்டை பாதியோடு மூலையில்.
முதலாளியிடம் திருப்பிக் கொடுக்க வாயில்லை,
கோழிக்குப் போடவும் பயம்.
தவிட்டு வண்டிகள் இன்று ஏழு.
எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நடுச்சாமத்தில் இவள் எடுக்கும் ஓலத்துக்கு
டோ எயீ சுவரைத் தட்டுகிறாள்.

தட்டட்டும்.