இரண்டு பத்து

புளியரை சோதனைச் சாவடியில்
பதினோரு வருஷம் ராத்திரி நடைச்சீட்டு எழுதினேன்.
எம்-சாண்ட், வைக்கோல், கறிக்கோழி, தக்காளி,
எல்லாம் என் கையெழுத்தில்தான் மலை ஏறின.
ஆனி மாசம் பகல் வேலைக்கு மாற்றினார்கள்.
உடம்பையும் மாற்றச் சொல்லி
அந்த உத்தரவில் ஒரு வரி இல்லை.

சரியாக இரண்டு பத்துக்கு விழிப்பு.
எஸ் வளைவில் எவனோ கியர் இறக்குகிற சத்தம்.
உடனே தலைக்குள் ஒரு ஆள்
தடுப்புக் கம்பை இறக்கிவிட்டு உட்காருவான்.
தம்பி வாங்கிய கடனா, ஓரங்கட்டு.
ஒன்பதாம் வகுப்பில் வாத்தியார் அறைந்ததா,
அதற்கும் பேப்பரைக் காட்டு.
விடிய விடிய வரிசை நிற்கும்.
ஒரு வண்டியும் நகராது.

ஆரியங்காவு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெஸ்ஸம்மா
குளிகை இப்போ வேண்டா என்றார்.
சாயா எத்தனை?
ஏழு.
கடைசிச் சாயா எப்போ?
ராத்திரி ஒன்பதரை.
சிரிப்பார் என்று பார்த்தேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மதியம் இரண்டுக்கு மேல் டீ கிடையாது என்று ஆயிற்று.
சாயங்காலம் சங்கரபாண்டி கடை முன்னால்
கையைக் கட்டிக்கொண்டு நின்றால்
ஜப்தியான சொந்த வீட்டைப் பார்ப்பது போலிருக்கும்.
கணக்கில் ஏதும் மனஸ்தாபமா அண்ணாச்சி என்று
அவனே ஒருநாள் கேட்டுவிட்டான்.

போனுக்கு அடுப்படியில் அரிசி டிரம் மேல் இடம்.
சுவர்க் கடிகாரத்தைத் திருப்பி மாட்டினேன்.
இனி மணி பார்க்க
அடுத்த வீட்டுக்குப் போய் எட்டிப் பார்க்கணுமோ என்றாள் ஆவுடை.
ஞாயிற்றுக்கிழமையும் ஐந்தரைக்கே எழ வேண்டுமாம்.
மூன்று ஞாயிறு எழவில்லை.
எழுந்ததாக நோட்டில் எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன்.
கள்ளம், என்றார் டாக்டர்.
அந்தச் சொல்லுக்கு எந்தச் செக்போஸ்ட்டும் இல்லை.

வராத தூக்கத்துக்குப் புரண்டு புரண்டு காவலிருக்காதே,
எழுந்து வெளியே போ என்பதும் அவர் சொன்னதுதான்.
போனேன். அடுப்படி மங்கல் விளக்கில்
மொச்சை உரித்தேன்.
பாதிக் கிண்ணம் ஆனபோது கண் சொருகியது.
சில ராத்திரி முழுக் கிண்ணமும் ஆகும்.
மூன்று நாள் தொடர்ந்து மொச்சைக் குழம்பு.

கவலையையெல்லாம் எட்டு மணிக்கே எழுதிவிடு என்றார்.
எழுதத்தான் தெரியுமே எனக்கு.
வீட்டில் பழைய நடைச்சீட்டுப் புத்தகம் ஒன்று,
நாற்பது தாள் மிச்சத்தோடு கிடந்தது.
வண்டி எண்: இல்லை.
சரக்கு: தம்பி கடன், ஒன்றரை லட்சம்.
சேருமிடம்: நாளை.
செல்லுபடி: காலை ஆறு வரை.
கையெழுத்துப் போட்டு, கிழித்து,
உப்பு ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்தேன்.
இரண்டு பத்துக்கு அந்த ஆள் வந்தான்.
சீட்டு இருக்கு, விடு என்றேன்.

எல்லா ராத்திரியும் விட்டான் என்று சொல்ல முடியாது.
ஐப்பசி மழையில் கரண்ட் மூன்று தடவை போய் வந்ததாம்.
காலையில் ஆவுடை சொல்லித்தான் தெரியும்.

அவளுக்கு எப்படித் தெரியும் என்று
அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

போன வியாழக்கிழமை ஜாடியைத் தூக்கினால்
கீழே இரண்டு சீட்டு.
ஒன்று என் கோழிக்கிறுக்கல்.
மற்றது அவளுடைய உருண்டை எழுத்து.
சரக்கு: கொல்லத்தில் இருக்கிறவன் போன் எடுப்பதில்லை.
புறப்பட்ட இடம் என்கிற கட்டத்தில்
மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதி.
எடை எழுதவில்லை.

பதினோரு வருஷமாக இவள்
தூங்குகிற வீட்டிலிருந்துதான்
வேலைக்குப் போகிறேன் என்று நினைத்திருந்தேன்.

நேற்று இரண்டு பத்துக்கு விழித்தபோது
பக்கத்துப் பாய் காலி.
அடுப்படியில் விளக்கு மங்கலாக எரிந்தது.
நானும் போய் உட்கார்ந்தேன்.
கிண்ணத்தை
நடுவில் நகர்த்தி வைத்தாள்.