கியர்பெட்டிக்குக் காய்ச்சல்

வயோமிங் மலையேற்றம். பின்னே ட்ரெய்லரில்
பதினொரு கிடாரிகள், ஏலத்துக்கு.
ஸ்டியரிங்குக்கு அடியில் தீப்பெட்டி அளவு கருவி ஒன்று
டீசல் லாரியின் வயிற்றில் நடப்பதையெல்லாம்
மார்லிஸின் போனிடம் கோள் சொல்லிக்கொண்டே வருகிறது:
டர்போ அழுத்தம், புகைச்சூடு,
கியர்பெட்டி எண்ணெய் இருநூற்றுப் பதினெட்டு.

போன வருஷம் வரை இதெல்லாம் தெரியாது.
தெரியாமலே ஓட்டினாள், ரேடியோ கேட்டுக்கொண்டு.
இதே வளைவில்தான் மூன்றாவது கியர் கைவிட்டது.
ஆறாயிரம் டாலர்.

இருநூற்று இருபத்தாறு.
முள் சிவப்பைத் தொடப்போகும் நேரம்
திரையை மறைத்துக்கொண்டு வந்து நிற்கிறது ஒரு பெயர்:
ஆர்லோ, வங்கி, கடன் பிரிவு.
'நகருய்யா' என்று
கட்டைவிரலால் ஒதுக்கினாள்.
அடியில் இருநூற்று முப்பத்தொன்று.

ஓரங்கட்டி, நியூட்ரலில் போட்டு,
என்ஜினை அணைக்காமல் விட்டாள்.
ட்ரெய்லர் தகரத்தில் கிடாரிகள் மூத்திரம் பெய்யும் சத்தம்.
பைன் மர அடிகளில் அழுக்குப் பனி.
எண் ஒவ்வொன்றாக இறங்குகிறது,
அவசரமே இல்லாமல்,
இருநூற்றுப் பத்து
இருநூற்று ஒன்பது

மறுபடி ஆர்லோ.
நூற்றுத் தொண்ணூறு வரட்டும், பேசலாம்.
இந்த லாரிக்கு இன்னும் இருபத்தேழு தவணை பாக்கி.
இதற்குக் காய்ச்சலென்றால்
உமக்கும்தானே, ஆர்லோ.