இருபத்திரண்டாம் நாள்

மீன் வந்த தெர்மாகோல் பெட்டி.
உள்ளே நாற்பது வாட்ஸ் குண்டு பல்பு,
பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய விசிறி,
அரை டம்ளர் தண்ணீர்.
மூடியில் சதுரமாய் வெட்டி ஒட்டிய கண்ணாடி
செத்துப்போன டேப்லெட் ஒன்றின் முகம்.

செல்போன் ரிப்பேர்காரன் செய்த கோழி
வேறெப்படி இருக்கும் என்றாள் பரிமளா.
ஆனாலும் முட்டைகளுக்கு நடுவில்
ஒரு லாட ஆணியை வைத்தவள் அவள்தான்,
இடிக்கு.
இரும்பு சூடாகும் என்றேன்.
ஆகட்டும், கோழியும் சூடாகத்தானே இருக்கும்.

பேரணாம்பட்டுச் சந்தையில் வாங்கிய சிறுவிடை.
ஒற்றைப்படையில் வை என்றாள், பத்தொன்பது வைத்தேன்.
ஏழாம் நாள் ராத்திரி
விளக்கை அணைத்து, போன் டார்ச்சில் பார்த்தோம்.
ஐந்து கூமுட்டை.
மற்றவற்றில் ஒரு சிவப்புச் சிலந்தி,
அதன் நடுவில் துடிக்கும் புள்ளி.
போனைக் கொடு என்று வாங்கியவள்
வெகுநேரம் திருப்பித் தரவில்லை.

பதினெட்டில் திருப்புவதை நிறுத்தினோம்.
இனி மூடியைத் திறக்கக் கூடாது.
திறந்தால் ஈரம் போகும்,
ஈரம் போனால் சவ்வு இறுகும்.
தெரியும். எழுதியே ஒட்டியிருந்தேன்.

இருபத்தொன்றில் ஒன்பது வந்தன,
யாரும் ஒன்றும் செய்யாமல்.

மறுநாள் வைகாசி ஒன்று.
விடியும்போதே கெங்கையம்மன் சிரசு புறப்பட்டாயிற்று.
ஊர்வலத்துக்காகக் கரண்டை நிறுத்தினார்கள்.
விசிறி நாலு சுற்று சுற்றி நின்றது.
மதியமாயிருந்தால் கவலையில்லை,
குடியாத்தத்துக் கத்திரி வெயிலில்
அலமாரி முட்டைக்கே யோசனை வரும்.
இது காலை ஆறு மணி.
கூல்டிரிங்க்ஸ் பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி
லுங்கியில் சுற்றி உள்ளே வைத்தேன்.
அதற்கு மூடியைத் திறக்க வேண்டியிருந்தது.

வெளியே தேங்காய் உடைத்தபடியே இருந்தார்கள்.
ஒரு வீச்சு, ஒரு நொடி, தெருவெல்லாம் இளநீர்.
உள்ளே எள்ளளவு ஓட்டை போட்டுவிட்டு
நேற்று மதியத்திலிருந்து
மூன்று பேர் மூச்சு வாங்குகிறார்கள்.

ஒன்று கூர்முனையில் கொத்தியிருந்தது,
காற்றறை இல்லாத பக்கம்.
என்னால் தாங்க முடியவில்லை.
ட்வீசரை எடுத்தேன்,
ஐசி தூக்குகிற அதே ட்வீசர்.
ஒரு சில்லு. இரண்டு சில்லு.
மூன்றாவதில் ரத்தம்.
நரம்பு இன்னும் வற்றவில்லை,
மஞ்சள் கரு இன்னும் வயிற்றுக்கு வெளியே.
போனென்றால் திருகைப் போட்டு மூடிவிடலாம்.

அதனால் இரண்டாவதைத் தொடவில்லை.
கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தேன்.
ஓட்டைக்குள் சவ்வு காய்ந்து
ஸ்கிரீன் கார்டு போல அலகோடு ஒட்டியது.
எட்டரைக்குக் கத்தல் மெலிந்தது.
ஒன்பதுக்கு இல்லை.

மூன்றாவதைப் பரிமளா எடுத்தாள்.
காது பஞ்சுக் குச்சியில் வெந்நீர் தொட்டுத் தொட்டுச்
சவ்வை நனைத்தாள், உரிக்கவில்லை.
சிவப்பாய்த் தெரிந்த இடத்தில் நிறுத்தி
ஈரத்துணி சுற்றி வைத்துவிட்டு
சட்னி அரைக்கப் போனாள்.
கரண்ட் இல்லாதது நினைவு வந்து திரும்பினாள்.
மறுபடி நனைத்தாள். மறுபடி நிறுத்தினாள்.

சிரசு எங்கள் தெருவுக்கு வந்தபோது
உடம்பில்லாத அந்தப் பெரிய முகம்
பூமாலைக்குள்ளிருந்து ஜன்னலைக் கடந்தது.
பரிமளா கையெடுத்துக் கும்பிடவில்லை.
கையில் முட்டை இருந்தது,
முட்டையில் தலை மட்டும் வெளியே வந்த ஒன்று
கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது.
மீதி உடம்பு வர
இன்னும் இரண்டு மணி நேரம் ஆயிற்று.

கால் இரண்டும் அகண்டு போயிருந்தன.
பேண்டேஜைக் குறுக்கே வெட்டிக் கட்டினேன்,
அதுமட்டும் எனக்கு வரும் வேலை.

கொத்தாத இரண்டு முட்டைகளை
நான்கு நாள் கழித்துத்தான் எறிய விட்டாள்.
ஆணியைத் துடைத்துக் காலண்டர் பின்னால் செருகினாள்.

முதலாவதை நான் கொன்றேனா,
இரண்டாவதையா,
இன்னும் சொல்லத் தெரியவில்லை.
கேட்டால் பரிமளா, சோறு ஆறுது என்கிறாள்.

திருவிழா முடிந்து கடை திறந்த காலை
ஒருவர் போனை நீட்டினார்.
சார்ஜ் ஏறவில்லை, பிரித்துப் பாருங்க.
ட்வீசரை எடுத்தேன். முட்டை வாசம்.
கொஞ்ச நேரம்
திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.