கொசுறு

தாளைத் திருப்பி வைத்தார் ஹெர் ஓஃபர்மன்,
எனக்கு நேராக, தனக்குத் தலைகீழாக.
முப்பத்து நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு.
இது கம்பெனி சொன்ன விலை.
அதற்குக் கீழே அது குட்டி போட்டிருந்தது.

கொண்டுவந்த கூலி ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு.
பெயின்ட்டுக்குக் காப்பு அறுநூற்றுத் தொண்ணூறு.
கால்மிதி நாலு, இருநூற்று நாற்பது.
அப்புறம் கடைசியில் ஒரு வரி,
அதற்கு மட்டும் எழுத்து பொடி:
சந்தை நிலவரம், மூவாயிரத்து இருநூறு.

"சந்தை என்றால் யார்?" என்றேன்.
என் ஜெர்மன் அவ்வளவுதான்,
யார் எது எங்கே என்று குழந்தைபோல் கேட்கும்.
அவர் கண்ணாடிச் சுவருக்கு வெளியே கை காட்டினார்.
அங்கே வுப்பர் ஆற்றுக்கு மேலே
தொங்கு ரயில் ஒன்று காலியாகப் போயிற்று.
வேறு யாரும் இல்லை.

தாமோதரன் அதற்குள் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.
இன்ஜின் அணைந்தபடியே நகரும் பார் என்றான்,
உலகத்தில் தனக்கு மட்டும் தெரிந்தது மாதிரி.
பார்மனில் இறங்கும்போதே
படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்,
முகத்தில் காட்டாதே என்று.
பெண் பார்க்க வந்த வீட்டில்
பஜ்ஜி ஆறும் முன்னே தேதி கேட்டவன் அவன்.
அந்த அவசரத்தைப் பார்த்துத்தான்
என் அப்பா ஐந்து பவுன் குறைத்தார்.

கொசுறு என்ற சொல்லை
ஜெர்மனில் சொல்லப் பார்த்தேன்.
தக்காளி வாங்கினால் கறிவேப்பிலை.
முழம் பூவுக்கு மேல் நாலு விரற்கடை.
கேட்காமலே விழும்,
கேட்டால் முனகிக்கொண்டே விழும்.
ஹெர் ஓஃபர்மன் தலையாட்டிக் கேட்டார். அழகாக இருக்கிறது என்றார்.
இங்கே வாங்க வந்தவள்
விற்பவருக்குக் கொசுறு போட வேண்டும்,
மூவாயிரத்து இருநூறு யூரோவுக்குக் கறிவேப்பிலை.

பேனாவை வாங்கிக் கால்மிதியை அடித்தேன்.
"சரி" என்றார்.
பெயின்ட் காப்பை அடித்தேன்.
"பூசியாகிவிட்டதே" என்றார்.
கடைசி வரிமேல் பேனா போனதும்
குரல் மாறியது. கோபமில்லை, அசதி.
மாடியில் ஒருவர் இருக்கிறாராம், அவர் போடச் சொன்னதாம்.
சாயங்காலம் ஸோலிங்கனிலிருந்து ஒரு குடும்பம் வருகிறதாம்.
தானும் இதே காருக்கு
ஆறு மாதமாக ஊழியர் வரிசையில் நிற்கிறாராம்.

அவர் வரிசையில் நிற்பதை நம்பினேன்.
ஸோலிங்கன் குடும்பத்தை நம்பவில்லை.

காபித் தட்டோரம் ஒரு பிஸ்கட் இருந்தது,
அந்த இடத்திலேயே விலை போடாத ஒரே பொருள்.
எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.
தாமோதரன் இறங்க மூன்று நிமிடம் ஆயிற்று.
கதவை அவன் சாத்திய விதம்
தூங்கும் பிள்ளையின் அறையைச் சாத்துவதுபோல்.

ரெம்ஷைடில் ஒருத்தி போனில் சொன்னாள்:
அச்சடித்த விலை, கூலி மட்டும் தனி.
பதின்மூன்று மாதம் ஆகும்.
நிறம் கேட்கக் கூடாது, சாம்பல்.
கையெழுத்துப் போட்டோம்.
"சாம்பலா" என்று இரவெல்லாம் புரண்டான்.

ஒன்பதாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பும் நேரம்,
ஹெர் ஓஃபர்மன் கூப்பிட்டார்.
ஆயிரத்து அறுநூறு போதுமாம்.
எட்டு நாளில் பாதியாக இளைத்துப் போகுமா ஒரு சந்தை,
காய்ச்சல் கீய்ச்சல் வந்ததா என்று கேட்க நினைத்தேன்.
காய்ச்சலுக்கு வார்த்தை வந்தது, கீய்ச்சலுக்கு வரவில்லை.
நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

எங்கள் பழைய போலோ
மூன்று தரம் இருமிவிட்டு நின்றிருந்தது.
இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தவன்
மூச்சு வாங்க,
"யார் போனில்?" என்றான்.

"சந்தை" என்றேன்.